நாலு சொட்டு

அந்தக் காரை விற்பதற்கென்றுதான் வாங்கினார். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பழைய சாமான் வியாபாரி எதையும் வைத்துக்கொள்வதற்காக வாங்குவதில்லை. நல்ல விலை வந்தால் போட்டிருக்கிற மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வீடு வந்து சேருகிற ரகம் அது.

ஆனால் காரைக் கேட்டு ஆள் வரும்போதெல்லாம் ஒரு விநோதம் நடந்தது. வந்தவர் கேட்ட விலைக்குக் கொஞ்சம் மேலே இவர் சொல்வார். அவர் யோசித்து, தாடையைச் சொறிந்து, சரி என்பார். உடனே இவர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறுவார். அதற்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றுவிட்டால் இவர் முகம் வாடிவிடும். "நாளைக்கு வாங்க, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று எழுந்துவிடுவார். படியாததால் முறிந்த வியாபாரம் உலகத்தில் ஆயிரம் உண்டு. படிந்துவிட்டதே என்று பயந்து முறிந்த வியாபாரம் அந்த வாசலில் மட்டும்தான் நடந்தது. அப்படித்தான் அவருக்கு ஏத்துக்காரர் என்று பெயர் விழுந்தது.

அவர் 'வீட்ல' என்று சொன்ன அந்த ஆள் எப்போதும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். முன்பக்கம் கடை: ஹெட்லைட்டும் கதவுக் கைப்பிடியும் கார்புரேட்டரும் அடைந்து கிடக்கும் ஒரே ஒரு அறை. அதைத் தாண்டி ஒரு இருட்டு நடை. நடை முடிந்தால் பின்கட்டு முற்றமும் தகரக் கொட்டகையும். கொட்டகையின் கடைசியில், சுவரைப் பார்த்தபடி, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து அவர் மனைவி வெல்டிங் செய்வாள். தெருவில் அவளுக்கு வெல்டரம்மா என்று பெயர். அவர் மட்டும் மேஸ்திரி என்பார். முதலில் கேலியாகச் சொன்னதுதான்; கேலி எப்போது உதிர்ந்ததென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

வெல்டரம்மாவுக்கு வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. பற்றவைத்த இடத்தைச் சாமான்காரர் கண்ணால் பார்க்காமல் அதன்மேல் பெயின்ட் அடிக்க மாட்டாள். "பெயின்ட் அடிச்சிட்டா நான் கெட்டிக்காரியா கள்ளியான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்து பாருங்க" என்பாள். அவசரக்காரர்கள், நீங்களே அடித்து அனுப்புங்கள் என்று கெஞ்சினாலும் நடக்காது. அதனால் சில இரும்புக் கேட்டுகள் மழையில் நனைந்து துருவேறிக்கூடக் காத்திருந்தன.

காருக்கு வருவோம். நீளமானது, படகு மாதிரி இருக்கும். பச்சையில் பால் ஊற்றிக் கலக்கிய நிறம். முன்சீட்டு ஒரே பெஞ்சு. கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக். கியர் லீவர் தரையில் இல்லாமல் ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில், சட்டியில் விட்ட கரண்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தன் பக்கம் இழுத்து, தூக்கி, 'பார்க்' என்ற இடத்தில் போட்டால்தான் வண்டி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். மழைக் காலத்தில் மேகம் கறுத்ததும் ஏத்துக்காரர் காரைப் பக்கச் சந்து வழியாக ரிவர்ஸிலேயே ஓட்டி வந்து கொட்டகைக்குள் விடுவார். அதன் வால் வெல்டரம்மாவின் முதுகுக்குச் சற்றுத் தள்ளி வந்து நிற்கும். இரும்பை உருக்குகிறவளுக்கும் இரும்பை விற்காதவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் டிரம்தான் எல்லை.

அன்றைக்கு நடந்ததை விபத்து என்று சொன்னால் பெரிய வார்த்தை. வண்டி நகர்ந்தது ஒரு ஆள் நீளம்கூட இருக்காது.

வழக்கம்போல ரிவர்ஸில் வந்தார். வழக்கம்போல பிரேக்கை மிதித்தார். லீவரைத் தூக்க இடது கையிடம் சொன்னார். கை கேட்கவில்லை. இப்படி ஒரு கை கேட்காமல் இருக்குமா என்ற திகைப்பில் கால் பிரேக்கிலிருந்து நழுவியது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒரு குணம், ரிவர்ஸில் கிடந்தால் யாரும் மிதிக்காமலே தானாகப் பின்னால் ஊரும். ஊர்ந்தது. டிரம் நசுங்கியது. நசுங்கின டிரம் முக்காலியைத் தள்ளியது. அதற்குள் வலது கைக்குப் புத்தி வந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டது.

வெல்டிங் முகமூடிக்குள் இருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடுப்பில் தண்ணீர் கொட்டியது, முழங்கால் சுவரில் முட்டியது. முகமூடியைத் தூக்கித் திரும்பினால் காரின் பின்விளக்கு அவள் முகத்துக்கு நேராக, ஏதோ ரகசியம் சொல்ல வந்ததுபோல நின்றுகொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவர் தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ பிடிக்கக் கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் பார்ப்பதுபோல.

"லீவர் சிக்கிக்கிச்சு," என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"ஆமாங்க," என்றாள். "லீவர்தான்."

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நாத்தனாரின் பள்ளிக்கூட பஸ். ஏத்துக்காரரின் தங்கை அவள். பஸ் ஓட்டுகிறவள், அண்ணன் வீட்டு மாடியிலேயே குடியிருப்பவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவள் காலி பஸ்ஸை அப்படியே திருப்பினாள். சின்னச் சின்ன சீட்டுகளுக்கு நடுவில் அண்ணனைக் கால் நீட்டிப் படுக்கவைத்து, வழியெல்லாம் ஹாரனை அலறவிட்டபடி போனாள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார், பேச்சும் திரும்பியது என்றார் டாக்டர். பேச்சு திரும்பாமல் போயிருந்தால் அந்த வியாபாரிக்குப் பிழைத்தும் பயனில்லை என்பது டாக்டருக்கு எங்கே தெரியும்?

கை மட்டும் பாதி திரும்பியது. பிடிக்கும், ஆனால் தோளுக்கு மேலே எழும்பாது. முன்னும் பின்னும் தள்ளும், தூக்கச் சொன்னால் நடுங்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"லீவரைக் கழட்டிப் பார்த்தியா?"

"பார்த்தேன். உள்ள இருக்கிற புஷ் தேஞ்சு போய்க் கிடந்துச்சுங்க. அதான் சிக்கிருக்கு. யார் கையா இருந்தாலும் சிக்கத்தான் செய்யும்."

லீவருக்குள் இருக்கும் அந்தச் சின்ன வளையம், புஷ், நன்றாகத்தான் இருந்தது. கழற்றி, விரலில் உருட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டியிருந்தாள். இரும்பைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. எந்த விலாசமும் இல்லாத பொய்யை யாரும் நம்ப மாட்டார்கள் என்று புஷ்ஷையும் சேர்த்துக்கொண்டாள். அவர், "அதானே," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்த பிறகு ஏத்துக்காரர் முன் கடையில் உட்கார்ந்து பழையபடி பேரம் பேசினார். வெல்டரம்மா பின்னால் பழையபடி பற்றவைத்தாள். பார்த்தால் எல்லாம் பழையபடிதான். கார் கொட்டகையில் கல் மாதிரி நின்றது. சாவி ஆணியில் தொங்கியது.

ஆனால் அவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. பற்றவைக்கிற ராடு பாதி எரியும்போதே நிறுத்தி, முகமூடியைத் தூக்கி, திரும்பிப் பார்ப்பாள். கார் நின்ற இடத்தில் நிற்கும். மறுபடி முகமூடியை இறக்குவாள். கால் ராடு எரிவதற்குள் மறுபடி திரும்புவாள். ஒரு நாள் திரும்பின ஞாபகத்தில் முகமூடியை இறக்க மறந்து பற்றவைத்துவிட்டாள். சாயங்காலம் கண்ணுக்குள் கைப்பிடி மணலைப் போட்டு அரைத்தது மாதிரி இருந்தது. இமை திறக்க முடியவில்லை.

ஏத்துக்காரர் துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தார். ஒற்றைக் கையால் துண்டைப் பிழிய முடியாது. வாஷ்பேசின் விளிம்பில் வைத்து முழங்கையால் அழுத்திப் பிழிந்தார். பாதித் தண்ணீர் அவர் சட்டையில், மீதி துண்டிலேயே. சொட்டச் சொட்ட அவள் கண்மேல் வைத்தார்.

"குளிப்பாட்டுறீங்களா?"

"ஓசிக்குக் கிடைக்குது, பேசாம படு."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"ஏன் மேஸ்திரி, எத்தனையோ வருஷமா பத்தவைக்கிற. கண்ணுல வெளிச்சம் அடிச்சதே இல்லையே?"

"வயசாகுதுல்ல."

"ம்," என்றார். ஒரு ம்முக்குள் எவ்வளவு சரக்கை அடைக்கலாம் என்று வியாபாரிகளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அரைவிலை வந்தான். எதைப் பார்த்தாலும் பாதி விலைக்குக் கேட்கிறவன் என்பதால் அந்தப் பெயர். உடைசல் கார்களைப் பிரித்து விற்பவன். கையில் சாக்கு சுற்றிய ஒரு சாமானோடு வந்து கடை மேசையில் வைத்தான். பிரித்தால் தரையில் பொருத்துகிற கியர் லீவர். தடித்த தண்டு, குறுக்கே ஒரு கைப்பிடி, அடியில் பல் பல்லாக வெட்டிய தகடு, கூடவே கறுப்புக் கேபிள் ஒன்று.

"அண்ணே, ரேஸ் வண்டிக்குப் போடுற சாமான் இது. ஒவ்வொரு பல்லுலயும் உக்காரும். தானா வழுக்கவே வழுக்காது."

"உன் பேச்சு வழுக்குதே, அது போதும். என்ன கேக்கிற?"

"அந்தப் பழைய ஜெனரேட்டரைக் கொடுங்க."

"பாதி ஜெனரேட்டர் எடுத்துக்க. நீதான் எல்லாத்துலயும் பாதி கேக்கிறவனாச்சே."

இரண்டு பேரும் சிரித்து, திட்டி, எழுந்து போய், திரும்பி வந்து, டீ குடித்துப் பண்டமாற்று முடிந்தது. ஏத்துக்காரர் லீவரை மடியில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"மேஸ்திரி, பழைய லீவர்தானே கோளாறு? தூக்கி எறிஞ்சிடுவோம். இதைத் தரையில போட்டுக் கொடு."

அவள் முகமூடியைத் தூக்கவில்லை. தான் சொன்ன பொய், சாக்கு சுற்றிக்கொண்டு தன் வாசலுக்கே வேலையாக வந்து நிற்பதை முகமூடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார்தான் குதித்தாள். மதியச் சாப்பாட்டைத் தூக்கில் கொண்டுவந்தவள் அதை டங்கென்று வைத்தாள்.

"அண்ணே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. வித்துத் தொலைங்க அந்தப் படகை."

"விக்கத்தானே வெச்சிருக்கேன்."

"நீயா? வாங்க வர்றவன் கால்ல விழுந்து கும்பிட்டாலும் விக்க மாட்ட. சாப்பிடு முதல்ல. முட்டை ஒண்ணு உனக்கு, ரெண்டு அண்ணிக்கு."

"எனக்கு ஏன் ஒண்ணு?"

"நீதான் சும்மா உக்காந்திருக்க. அவங்க வேலை செய்யறாங்க."

அவர் தன் முட்டையைப் பாதியாக்கி, ஒரு பாதியை மனைவியின் தட்டில் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். முட்டை கொஞ்ச நேரம் போக்குவரத்தில் இருந்தது. கடைசியில் அது நாத்தனார் வாய்க்குள் போனதும்தான் பிரச்சினை தீர்ந்தது.

*

வெல்டரம்மா வேலையை ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் கை என்று சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

பேட்டரியைக் கழற்றினாள். பெஞ்சு சீட்டைப் பெயர்த்துக் கொட்டகை ஓரத்தில் போட்டாள். ஏத்துக்காரர் போய் அதில் சாய்ந்துகொண்டார். தரை விரிப்பை உரித்தால் நடுவில் தகரம் துருப்பிடித்து, ஓட்டை வழியே தரை தெரிந்தது. கெட்டதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒன்றைக் காகிதத்தில் அளவெடுத்து நறுக்கினாள். மெல்லிய தகடு, ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் அப்பளமாய் வளைந்துவிடும். இங்கே ஒரு சொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு சொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு சொட்டு என்று சுற்றிச் சுற்றி வரவேண்டும். பக்கத்தில் நனைந்த சாக்கு. தீப்பொறி பின்சீட்டுப் பஞ்சில் விழுந்தால் அமுக்க. வெளியே மழை தகரத்தில் கொட்டியது. ஈரத்தில் கரண்ட் ஆகாது என்று காலுக்கடியில் பலகை போட்டுக்கொண்டாள். நடையின் அந்தக் கோடியில் கடைக்குப் போயிருந்த ஏத்துக்காரர் யாரிடமோ ஒரு ஹெட்லைட்டின் பூர்வீகத்தை விரித்துக்கொண்டிருந்தார்.

தகடு முடிந்தது. அடுத்தது தாங்கி. லீவர் முழுதும் உட்காரப்போகிற கனத்த இரும்புத் துண்டு. இதைத்தான் கோடு அறாமல், ஒரே ஓட்டமாக, நாலு பக்கமும் ஓட்டவேண்டும். இழுக்கிற கையின் பலமெல்லாம் இதன்மேல்தான் இறங்கும்.

ராடை மாட்டினாள். ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்தாள். எழுந்து மறு மூலையில் ஒரு சொட்டு. மூன்று. நாலு.

அதோடு நிறுத்திவிட்டாள்.

நாலு சொட்டு தாங்காது. ஏத்துக்காரர் எதையும் மெல்ல இழுக்கிற ஆள் இல்லை. கடையில் இழுப்பறைகளுக்குக் கைப்பிடி கிடையாது, எல்லாம் அவர் கையோடு போனவை. முதல் இழுப்பிலேயே தாங்கி பெயர்ந்து வரும். அப்போது, "இந்த வண்டித் தரை உளுத்துப்போச்சுங்க, இது எதையும் தாங்காது, விட்டுடுங்க" என்று சொல்லிவிடலாம். இரும்பின்மேல் இரண்டாவது பழி. கை தப்பித்தது.

மூலைகளுக்கு நடுவே வெல்டு இல்லாதது தெரியாமல் பட்டியைப் பூசி, கறுப்பு பெயின்டை எடுத்து அடித்தாள். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும்போல இருந்தது. பெயின்ட் நெடி என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் லீவரைத் தாங்கியில் முடுக்கி, சீட்டையும் மாட்டிவிட்டுக் கூப்பிட்டாள்.

"கேபிள் இன்னும் மாட்டலைங்க. சும்மா இழுத்துப் பாருங்க, கைக்கு எட்டுதான்னு."

ஏத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். இடது கையை வலது கையால் எடுத்து லீவரின்மேல் வைத்தார். அவள் கதவருகே நின்று, சொல்லப்போகும் வார்த்தைகளைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் லீவரை நகர்த்தினார். மெல்ல. தூங்குகிற குழந்தையின் தலையைத் தலையணைக்கு மாற்றுகிறவர்போல, அவ்வளவு மெல்ல. ஒரு பல். நிறுத்தி மூச்சு விட்டார். அடுத்த பல். உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்தது.

தாங்கி அசையவில்லை.

"கைக்கு நல்லா எட்டுது," என்றார். "தரையில இருக்கிறதால தூக்கவே வேண்டியதில்லை. தள்ளினா போதும்."

"ஏங்க இப்படித் தடவுறீங்க? நல்லா இழுங்க."

"வேணாம்."

"இழுங்கங்கிறேன்."

"இழுத்தா கையோட வந்துடும், மேஸ்திரி."

கொட்டகைக்கு வெளியே மழை விட்டிருந்தது. தகரத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றாள்.

"உன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுதானே முன்னாடி உக்காந்து பொழப்பு நடத்துறேன்? தகட்டுக்குச் சொட்டுச் சொட்டா வைப்ப. தாங்கிக்கு நீளமா ஓட்டுவ, எண்ணெயில எதையோ போட்ட மாதிரி சத்தம் நிக்காம வரும். நேத்து நாலே நாலு சொட்டு. அப்புறம் ஒண்ணுமில்ல. சரி, டீ குடிக்கிறா போலன்னு பார்த்தா பெயின்ட் வாடை வருது. என்னைக் கூப்பிட்டுக் காட்டாம நீ பெயின்ட் அடிச்சியா? ஹெட்லைட் வாங்க வந்தவன் கேட்ட விலைக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் அந்த நெலமையில இருந்தேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"நான் வேணும்னுதான்..."

"தெரியும். புஷ் தேஞ்சுதுன்னு சொன்னதும் தெரியும்."

"அது..."

"அந்த புஷ்ஷை அதுக்கு முன் மாசம்தான் நானே மாத்தினேன். பெட்டி பிரிக்காத புது சாமான். நீ ஆஸ்பத்திரியில சொன்னப்ப சிரிப்பு வந்துச்சு, வாய் கோணிக்கிட்டு இருந்ததால வெளிய தெரியல."

"தெரிஞ்சே ஏன் இந்த லீவரை வாங்குனீங்க? என்னைச் சோதிச்சுப் பார்க்கவா?"

"உன்னைச் சோதிச்சு நான் எங்க போக?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பார்த்துப் பேசினார். "நீ திரும்பித் திரும்பிப் பார்க்கிற. பாதி ராடுல சத்தம் நின்னுடுது. இந்த வண்டி அணைஞ்சு கெடக்கு, சாவி ஆணியில தொங்குது, நான் முன்னாடி கத்திக்கிட்டு இருக்கேன். அப்பவும் திரும்பற. கண்ணைக்கூட சுட்டுக்கிட்ட."

"காரை வித்துட்டா திரும்ப வேண்டியதே இல்லையே."

"கார் போனா வெறும் இடத்தைத் திரும்பிப் பார்ப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?"

அது உண்மைதான்.

"பழைய லீவர் பூனை மாதிரி. பார்க்ல விழுந்துச்சா இல்லையான்னு உக்காந்திருக்கிறவனுக்கே தெரியாது. இது டக்குன்னு விழும். முகமூடிக்குள்ள இருந்தாலும் கேக்கும். கேட்டா நீ திரும்ப வேணாம்ல? அதான் வாங்கினேன்." ஸ்டீயரிங்கைத் தட்டினார். "எனக்கும் ஓட்டணும். அதையும் சொல்லிடறேன். ரெண்டும்தான். வியாபாரி ஒரே லாபத்துக்கு ஜெனரேட்டரைக் கொடுப்பானா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. முந்தானையில் துடைத்தால் அதில் கறுப்பு பெயின்ட். கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"சரி, விலையைச் சொல்லு," என்றார்.

"எதுக்கு?"

"முழு வெல்டுக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் ரோடு கிடையாது."

"வாசல்?"

"வாசல் வரைக்கும் போகலாம், வரலாம்."

"தெருமுனை டீக்கடை?"

"நடந்து போங்க."

"நடந்து போனா டீ ஆறிடுமே."

"டீ அங்க இருக்கு. நீங்க போறதுக்குள்ள அது எப்படி ஆறும்?"

"சரி, மேல சொல்லு."

"முக்காலிக்குப் பின்னாடி ஒரு தண்டவாளத் துண்டைத் தரையில பதிப்பேன். சக்கரம் அதைத் தாண்டக் கூடாது."

"என்மேல நம்பிக்கை இல்லை."

"உங்க மேலயும் இருக்கு, தண்டவாளத்து மேலயும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து இருந்தா நிம்மதியா இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒண்ணு." அவள் குரல் தாழ்ந்தது. "கை வரலைன்னா, கை வரலைன்னு வாயைத் திறந்து சொல்லணும். லீவர்னு சொல்லக் கூடாது."

ஏத்துக்காரர் வெளியே பார்த்தார். முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு காகம் வாயை நனைத்துக்கொண்டிருந்தது. அது பறந்துபோகும்வரை பார்த்தார்.

"சரி," என்றார்.

சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டதை அவள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். இதற்குமேல் ஏறுவாரோ என்று கொஞ்சம் காத்தாள். ஏறத்தான் செய்தார்.

"நீயும் இரும்பு மேல பழி போடக் கூடாது."

"சரிங்க."

*

பட்டியைச் சுரண்டினாள். பெயின்டை அரைத்து எடுத்தாள். வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்ததும் ராடை மாட்டினாள். இந்த முறை ஏத்துக்காரர் கடையில் உட்காரவில்லை. நனைந்த சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றார். சத்தம் அறாமல் நீண்டது. நாலு பக்கமும் ஓடி முடிந்ததும், "வந்து பாருங்க," என்றாள். குனிந்து பார்த்தார். சிறு சிறு செதிலாய், ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, மீன் முதுகுபோல இருந்தது.

"இதுக்கு என்ன வேணாலும் விலை சொல்லலாம்," என்றார்.

"விக்கிற சாமான் இல்லை. நகருங்க, பெயின்ட் அடிக்கணும்."

கேபிளை மாட்டுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் காருக்கு அடியில் படுத்து கியர்பெட்டியிலிருந்து கைபோல நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிடித்துக்கொள்ளவேண்டும். மற்றவர் மேலே லீவரைப் பல் பல்லாக வைத்துச் சொல்லவேண்டும். பேட்டரி கழற்றியபடிதான் இருந்தது. வெல்டரம்மா சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு கட்டையும் வைத்தாள்.

"இன்ஜினே செத்துக் கெடக்கு. அது எதுக்கு இன்னொண்ணு?" என்றார் மேலேயிருந்து.

"அது காருக்கு இல்ல. எனக்கு."

அடியில் போய்ப் படுத்தாள். அவர் குரல் தகரத்தைத் தாண்டி வந்தது. "பார்க்." அவள் கேபிளின் திருகைக் கால் சுற்று தளர்த்தினாள். "ரிவர்ஸ்." கியர்பெட்டியின் கை நகர்ந்து குழியில் உட்கார்ந்ததை விரலில் உணர்ந்தாள். "நியூட்ரல்." மேலே அவர் என்ன செய்கிறார் என்பது கீழே அவள் விரலுக்குத் தெரிந்தது. ஒரு இடத்தில் லீவர் பாதியில் நின்று நடுங்கியது.

"கை வரலை," என்றார். "இரு."

இருந்தாள். முகத்துக்கு மேலே அந்தப் படகின் வயிறு. அவசரம் என்று ஒன்றும் இல்லை.

"வருது," என்றார். குழியில் உட்கார்ந்தது.

*

தண்டவாளத் துண்டு பதித்து, சிமென்ட் இறுகி, நாத்தனார் அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் சாவி ஆணியிலிருந்து இறங்கியது. நாத்தனார் அன்றைக்கு பஸ்ஸைச் சீக்கிரம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நடையின் முனையில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள்.

"அண்ணே, இடிச்சன்னா என் பஸ்ல ஏத்த மாட்டேன்."

"உன் பஸ் சீட்ல உக்காந்தா முழங்கால் மூக்குல இடிக்குது. நானே வர மாட்டேன்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெல்டரம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் சாய்த்திருந்த ஜன்னல் கம்பிச் சட்டம் ஒன்றுக்கு ஒரு நீளமான கோடு பாக்கி இருந்தது. புது ராடை மாட்டினாள். முகமூடியை இறக்கினாள். பற்றவைத்தாள்.

பின்னால் இன்ஜின் உறுமியது. அவள் தோள் இறுகியது. கறுப்புக் கண்ணாடிக்குள் உருகிய இரும்பின் சின்னக் குளம் மட்டும் தெரிந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் கோட்டின் வழியே கொண்டுபோனாள். உறுமல் கிட்ட வந்தது. டயர் ஈரத் தரையில் ஒட்டி ஒட்டி வருவது கேட்டது. தண்டவாளத்தில் ரப்பர் முட்டியது. நின்றது.

டக் சத்தம் வரவில்லை.

முதுகுத் தண்டு முழுதும் காதாகிவிட்டது. ராடு பாதி எரிந்திருந்தது. வழக்கமாக நிறுத்தித் திரும்புகிற இடம்.

"மேஸ்திரி," என்று ஏத்துக்காரர் குரல் கேட்டது. "கை வரலை. கொஞ்சம் இரு. பிரேக்ல கால் இருக்கு."

அவள் ராடை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"வருது..."

டக்.

இன்ஜின் அணைந்தது. மழை தகரத்தில் முதல் கைப்பிடித் துளிகளை எறிந்தது. வெல்டரம்மா ராடு அடிக்கட்டை ஆகும்வரை ஓட்டி முடித்தாள். அப்புறம்தான் முகமூடியைத் தூக்கினாள். உடனே திரும்பவும் இல்லை. சுத்தியால் கசடைத் தட்டி, பிரஷால் தேய்த்து, பிறகு கூப்பிட்டாள்:

"வந்து பாருங்க. பெயின்ட் அடிக்கணும்."

அவர் காரிலிருந்து இறங்கி, சட்டையெல்லாம் வியர்வையோடு வந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கோடு நேராக வந்து, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அரிசி அளவுக்குத் தடித்து, மறுபடி நேராகப் போயிருந்தது. அவள் வேலையில் அப்படி ஒரு தடிப்பை அவர் பார்த்ததில்லை.

"இது என்ன?" என்று விரலை வைக்கப் போனவர் சூட்டுக்குப் பயந்து எடுத்துக்கொண்டார்.

"அது நீங்க பார்க்ல போட்ட இடம்."

அவள் பிரஷை வைத்துவிட்டு அரைக்கிற மெஷினை எடுத்தாள்.

"அரைச்சு எடுத்துடவா?" என்றாள்.

"வேணாம்," என்றார் ஏத்துக்காரர். "அப்படியே பெயின்ட் அடி."